தோடி காந்தாரம் படிக்கட்டாக உடைகிறது: ரீப்பரில் பிட்ச் கரெக்‌ஷன் பிளக்கினை எப்படி அமைப்பது?

வடக்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தன்று ஒலிக்கவிட சில பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்துகொண்டிருக்கிறோம். பாடுவது என் சித்தி. முறையாகப் பாட்டுக் கற்றவர், மேடையேறி நாளாகிவிட்டது. மென்பொருள் ரீப்பர். விண்டோஸ் மடிக்கணினி, இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக். சுருதி ஐந்தரைக் கட்டை. தம்பூரா கைப்பேசிச் செயலியிலிருந்து.

முதலில் வருவது தோடியில் ஒரு விருத்தம். தாளம் கிடையாது, தம்பூரா மட்டும்தான். சித்தி நன்றாகத்தான் பாடியிருக்கிறார். ஆனால் மேல் ஷட்ஜத்தில் நிற்கும் இரண்டு இடங்களிலும் கடைசி வரியின் பஞ்சமத்திலும் சுருதி லேசாக இறங்கியிருக்கிறது. அதை மட்டும் சரிசெய்யலாம் என்று இலவசமாகக் கிடைக்கும் பிட்ச் கரெக்‌ஷன் பிளக்கின் ஒன்றை டிராக்கில் போட்டேன். இறங்கிய ஷட்ஜம் சரியாகிவிட்டது. ஆனால் காந்தாரம் வரும் இடமெல்லாம் ரி, க, ம என்று தனித்தனிக் கட்டையாக உடைந்து கேட்கிறது. வேகத்தைக் குறைத்தால் காந்தாரம் பிழைக்கிறது, ஷட்ஜம் பழையபடி இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கும் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சித்திக்கு இப்போது தொண்டை சரியில்லை. மறுபடி பாடச் சொல்ல முடியாது. என்ன செய்யலாம்?

ஆறாவது டிராக்

மூன்று கேள்வி. பிளக்கினில் கீ என்ன கொடுத்திருக்கிறீர்கள்? அந்த டிராக்கில் வேறு என்னென்ன பிளக்கின்கள் இருக்கின்றன, எந்த வரிசையில்? பாடும்போது தம்பூரா ஹெட்போனில் ஓடியதா, ஸ்பீக்கரிலா?

வடக்குவாசல்

கீ எதுவும் கொடுக்கவில்லை, குரோமாட்டிக் என்று வந்ததை அப்படியே விட்டுவிட்டேன். வரிசை: ஈக்யூ, கம்ப்ரசர், ரிவெர்ப், கடைசியில் பிட்ச் கரெக்‌ஷன். தம்பூரா ஹெட்போனில்தான்.

கோடம்பாக்கம் கேபிள்

முதலில் வரிசையை மாற்றுங்கள் தம்பி. பிட்ச் பிளக்கின் சங்கிலியின் தலையில் இருக்க வேண்டும். வரும் ஒலி அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் சொல்கிறது என்று பார்த்துத்தான் அது சுருதியைக் கண்டுபிடிக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு குரல், ஒரு சுரம் இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ரிவெர்ப் போட்ட குரலில் இப்போது பாடும் மத்தியமத்தோடு சற்று முன் பாடிய காந்தாரத்தின் வாலும் சேர்ந்து ஒலிக்கும். எதைப் பிடிப்பது என்று பிளக்கினுக்குக் குழப்பம். மைக்கில் விசிறிச் சத்தமோ வண்டிச் சத்தமோ அடியில் உறுமினால் அதை வெட்ட ஒரு ஹைபாஸ் ஃபில்டர் மட்டும் முன்னால் இருக்கலாம். மற்றதெல்லாம் பின்னால்.

அடுத்தது கீ. குரோமாட்டிக் என்றால் பன்னிரண்டு சுரமும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். தோடியில் காந்தாரம் ஆடி வரும் வழியில் இருக்கும் ஒவ்வொரு கட்டையிலும் பிளக்கின் அதை நிறுத்தி வைக்கப் பார்க்கும். இராகத்தின் ஏழு சுரத்தை மட்டும் திறந்து வையுங்கள். ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். அதிலிருந்து தோடி: ஜி ஷார்ப், ஏ, பி, சி ஷார்ப், டி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப். பட்டியலில் தோடியைத் தேடாதீர்கள். ஃப்ரிஜியன் என்று இருந்தால் அதுதான். அதுவும் இல்லையென்றால் ஈ மேஜர் என்று கொடுங்கள், அதே ஏழு கட்டைகள்தான் வரும். கிரகபேதம், அதாவது ஷட்ஜத்தை இடம் மாற்றி ஒரு இராகத்திலிருந்து இன்னொன்றை எடுப்பது, படித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

மாயாமாளவகௌளை மாதிரி இராகத்துக்கு இந்தக் குறுக்கு வழி ஓடாது. அங்கே பியானோ கட்டையை ஒவ்வொன்றாக அணைத்துத்தான் ஆக வேண்டும்.

ஆறாவது டிராக்

கேபிள் சொன்னது சரி. ஆனால் ஏழு சுரத்தை மட்டும் திறந்தாலும் காந்தாரம் உடையும் என்றே நினைக்கிறேன். ரி, க, ம மூன்றும் தோடியில் இருக்கின்றனவே. அசைவு அந்த மூன்றுக்கும் நடுவில்தான் நடக்கிறது. இரண்டு படி குறையும், படிக்கட்டு போகாது.

மந்தர ஸ்தாயி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தோடி காந்தாரத்துக்கு ஒரு கட்டை கிடையாது. அதைச் சமமாக நிறுத்திப் பாடினால் தோடி போய்விடும். ரிஷபத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி மத்தியமத்தைத் தொட்டுத் திரும்பும் அந்த அசைவுக்குத்தான் காந்தாரம் என்று பெயர். எங்கள் குருநாதர் அதை எழுதிக் காட்டவே மாட்டார், பாடிக் காட்டுவார். பன்னிரண்டு கட்டைப் பெட்டிக்குள் இதைப் போட்டுவிட்டு உடைகிறதே என்று கேட்டால் என்ன சொல்வது?

உங்கள் சித்தி பாடியதை அப்படியே விடுங்கள். லேசாக இறங்கிய ஷட்ஜத்தை அம்மன் மன்னிப்பாள். உடைந்த காந்தாரத்தை மன்னிப்பாளா என்பது சந்தேகம்.

கோடம்பாக்கம் கேபிள்

மந்தர ஸ்தாயி ஐயா, அம்மன் மன்னிப்பாள், ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். கோயில் கூம்பு ஒலிபெருக்கியில் நீட்டி நிற்கும் மேல் ஷட்ஜம் இறங்கியிருந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். பக்திப் பாடல், மெல்லிசை, சினிமா என்று இன்று வெளிவரும் எதிலும் குரலைத் தொடாமல் விடுவது அபூர்வம். பிளக்கினைத் தொடாதே என்பதைவிட எங்கே தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தால் தம்பிக்கு உதவியாக இருக்கும்.

மந்தர ஸ்தாயி

எங்கே தொடக் கூடாது என்பதைத்தான் சொன்னேன். காந்தாரத்தைத் தொடாதீர்கள். நிஷாதத்தையும் தைவதத்தையும் கூடத்தான். நிற்கிற சுரம் என்று பார்த்தால் ஷட்ஜமும் பஞ்சமமும்தான். அந்த இரண்டும் அசையாதவை. மெஷின் வேண்டுமென்றால் அங்கே மட்டும் வரட்டும்.

ஆறாவது டிராக்

ஐயா கோபத்தில் சொன்னாலும் தீர்வு அதில்தான் இருக்கிறது.

வேகம் பற்றி வடக்குவாசல் கேட்டதை முடித்துவிடுகிறேன். ஆட்டோ டியூனில் ரீடியூன் ஸ்பீட், ரீப்பரோடு வரும் ரியாடியூனில் அட்டாக் டைம், பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: சுரம் விலகியிருப்பதைப் பார்த்தபின் எத்தனை மில்லிசெகண்டில் அதை இழுத்துக் கட்டுவது என்பது. பூஜ்யம் என்றால் உடனே. 1998இல் ஷெர் பாடிய ‘பிலீவ்’ பாட்டில் உலகமே கேட்டது இந்தப் பூஜ்ய அமைப்பைத்தான். மேற்கத்திய மெல்லிசைக் குரலுக்கு 20 முதல் 50 வரை வைத்தால் இயல்பாக இருக்கும் என்பார்கள்.

நம் கமகத்துக்கு, அதாவது சுரத்தின் அசைவுக்கு, அந்த எண் ஏன் பொருந்தவில்லை என்று பாருங்கள். காந்தாரம் நொடிக்கு ஐந்து முறை ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்துக்கு 200 மில்லிசெகண்ட். அதில் மேலே போக 100, கீழே வர 100. பிளக்கின் 20 மில்லிசெகண்டில் இழுத்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் அது பிடித்து நிறுத்த நேரம் தாராளமாக இருக்கிறது. அதுதான் படிக்கட்டு. 300 என்று வைத்தால் பிடிப்பதற்குள் குரல் திரும்பிவிடும், அதனால் கமகம் பிழைக்கும். ஆனால் உங்கள் ஷட்ஜமும் முதல் 300 மில்லிசெகண்ட் இறங்கியே ஒலித்துப் பிறகு மெதுவாக மேலே ஊர்ந்து வரும். காதுக்கு அது இன்னும் மோசம்.

ஒரே எண்ணை இரண்டுக்கும் பொருத்த முடியாது. நடுவில் இடம் கிடைக்கவில்லை என்றீர்களே, கிடைக்காது. டிராக் முழுவதற்கும் ஒரே பிளக்கின், ஒரே அமைப்பு என்பதைக் கைவிட்டால்தான் வழி பிறக்கும்.

நல்லூர் வீதி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் வேகத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள், ஒருவரும் தம்பூராவின் அளவைக் கேட்கவில்லை. அந்தச் செயலியில் சுருதியை நுணுக்கமாக ஏற்றி இறக்கும் ஒரு பட்டை இருக்கும். அது பூஜ்யத்தில்தான் நிற்கிறதா என்று முதலில் பாருங்கோ.

இங்கே நான் பதிவு செய்வது கூடுதலாகக் கோயில் கச்சேரிகள். மிருதங்கக்காரர் வார்பிடித்து வைத்த சுருதிக்கோ, நாதஸ்வரத்தின் சுருதிக்கோ தம்பூராவைச் சேர்ப்பார்கள். அது அரிதாகத்தான் ஏ=440 கணக்கில், அதாவது பியானோவுக்கு வைக்கும் பொது அளவில், வந்து நிற்கும். 20 சென்ட் ஏறியோ இறங்கியோ இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். பாடுபவர் தம்பூராவோடு அச்சொட்டாகச் சேர்ந்து பாடியிருப்பார். பிளக்கின் அவரைப் பியானோவுக்கு இழுக்கும். அப்போது பிழையாகப் பாடியது பிளக்கின்தான்.

வடக்குவாசல்

அண்ணா, பார்த்தேன். சித்தி தன் தொண்டைக்கு ஏற்ப ஏற்றி வைத்திருக்கிறார். செயலி +18 சென்ட் என்று காட்டுகிறது!

நல்லூர் வீதி

அதுதான். பிளக்கின் ஷட்ஜத்தைச் சரிசெய்தது என்று எழுதினீர்கள். தம்பூராவை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தம்பூராவோடு சேர்த்துக் கேளுங்கோ. பிளக்கின் போட்ட பிறகும் அது தம்பூராவுக்கு 18 சென்ட் கீழேதான் நிற்கும். இறங்காமல் சரியாக நின்ற இடங்களையும் அது 18 சென்ட் கீழே இழுத்திருக்கும்.

பல பிளக்கின்களில் ஏ=440 என்றொரு பெட்டியோ, டிட்யூன் என்று சென்ட் கணக்கில் ஒரு திருகோ இருக்கும். சென்ட் என்றால் நேரே 18 கொடுங்கோ. ஹெர்ட்ஸ் என்றால் 444.6. இரண்டும் இல்லாத பிளக்கினை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

செயலி இல்லாமல் மரத் தம்பூராவோடு பதிவு செய்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. பாட்டு தொடங்குவதற்கு முன் சாரணி என்ற ஷட்ஜத் தந்தியை மட்டும் தனியாக மீட்டிக் கொஞ்சம் பதிந்து வையுங்கோ. பிறகு டியூனரில் போட்டு அளக்க உதவும். நாலு தந்தியும் சேர்ந்து ஒலிக்கும்போது டியூனர் தடுமாறும்.

வடக்குவாசல்

தம்பூராவோடு கேட்டேன். நீங்கள் சொன்னதேதான். முழு விருத்தமும் தம்பூராவிலிருந்து பிரிந்து நிற்கிறது. இதை எப்படிக் கேட்காமல் விட்டேன் என்று புரியவில்லை.

ஐந்தாம் நரம்பு

தனியாக சோலோ போட்டுக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 18 சென்ட் என்பது அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பக்கத்தில் ஒப்பிட ஒன்று இருந்தால்தான் காது பிடிக்கும்.

இதே விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. தோடியில் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் மற்ற பாடல்களுக்கு உங்களுக்குத் தேவைப்படும். பிளக்கின் நம்பும் பன்னிரண்டு கட்டைகள் சம இடைவெளிக் கட்டைகள். ஒவ்வொன்றும் 100 சென்ட். அதில் அந்தர காந்தாரம், அதாவது கல்யாணியிலும் சங்கராபரணத்திலும் வரும் மேல் காந்தாரம், 400இல் நிற்கும். தம்பூராவின் ஷட்ஜத் தந்திக்குள்ளேயே ஒரு அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும், அது தந்தியின் ஐந்தாவது ஹார்மானிக், அதாவது ஷட்ஜத்தின் அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கில் உள்ளே ஒலிக்கும் துணை ஒலி. அதன் இடம் 386 சென்ட். 14 சென்ட் வித்தியாசம். கல்யாணியிலோ சங்கராபரணத்திலோ பாடகர் காந்தாரத்தில் அசையாமல் நிற்கும்போது அந்தத் தம்பூரா காந்தாரத்தில்தான் போய் உட்காருவார், பிளக்கின் அவரைப் பதினான்கு சென்ட் மேலே தூக்கும்.

ஐந்தரைக் கட்டையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷட்ஜம் 207.65 ஹெர்ட்ஸ். அதன் ஐந்தாம் ஹார்மானிக் 1038.3. பிளக்கின் தூக்கி வைத்த காந்தாரம் 261.6, அதன் நான்காம் ஹார்மானிக் 1046.5. இரண்டும் மோதி நொடிக்கு எட்டு முறை அடித்துக்கொள்ளும். பாடகர் நடுங்குவதுபோல் கேட்கும். பாவம், அவர் நடுங்கவே இல்லை.

ஷட்ஜத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பஞ்சமத்துக்கு 2 சென்ட்தான், அதை யாரும் கேட்கப் போவதில்லை. மந்தர ஸ்தாயி ஐயா அசையாத சுரம் இரண்டு என்றாரே, பிளக்கினை நம்பி ஒப்படைக்கக்கூடிய சுரங்களும் கணக்குப்படி அதே இரண்டுதான்.

மந்தர ஸ்தாயி

கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் ஆர்மோனியக் காந்தாரம் ஏன் காதை உறுத்துகிறது என்று இத்தனை வயதுக்கு இன்றுதான் ஒருவர் எண்ணில் சொல்லியிருக்கிறார். நன்றி.

டப்பிங் தியேட்டர்

ஒரு துணுக்கு: ஆட்டோ டியூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் நிறுவனத்துக்காகப் பூமிக்குள் ஒலி அலை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து அடியில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தவர். அந்தக் கணக்கைக் குரலுக்குத் திருப்பி 1997இல் வெளியிட்டார். எண்ணெய்க் கிணறு தேடியவரிடம் தோடி காந்தாரத்தைக் கொடுத்தால் அவர்தான் என்ன செய்வார்?

ஆறாவது டிராக்

:) சரி, வேலைக்கு வருவோம். வடக்குவாசல், உங்களுக்குத் தானியங்கிப் பிளக்கினே தேவையில்லை. ரீப்பருக்குள் இருப்பதே போதும்.

டிராக்கிலிருந்து பிட்ச் பிளக்கினை எடுத்துவிடுங்கள். மூலப் பதிவை ஒரு நகல் டிராக்காக வைத்து மியூட் செய்துவிடுங்கள். அப்புறம் இறங்கிய ஷட்ஜம் வரும் வரியை மட்டும் தனியாக வெட்டுங்கள், எஸ் விசை. வெட்டும் இடம் முக்கியம். மூச்சு எடுக்கும் இடம், அல்லது க, ச, ட, த, ப போன்ற வல்லின எழுத்து தொடங்குவதற்கு முன் வரும் சின்ன மௌனம். விருத்தம் என்பதால் மூச்சு இடைவெளி நிறைய இருக்கும், உங்களுக்கு வசதி. வெட்டிய துண்டைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால் ஐட்டம் ப்ராப்பர்ட்டீஸ் திறக்கும். அங்கே பிட்ச் அட்ஜஸ்ட் என்று ஒரு பெட்டி. அதில் எண் செமிடோன் கணக்கில் இருக்கும், ஒரு செமிடோன் 100 சென்ட். 15 சென்ட் ஏற்ற வேண்டுமென்றால் 0.15.

அதே சாளரத்தில் பிட்ச் ஷிஃப்ட் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். தனிக் குரலுக்கு எலாஸ்டிக் சோலோயிஸ்ட், அதில் மோனோஃபோனிக். இவ்வளவு சிறிய நகர்த்தலுக்குக் குரலின் தன்மை மாறியது தெரியவே தெரியாது.

இந்த முறையில் என்ன நடக்கிறது என்றால், வரி முழுவதும் அப்படியே ஒரே அளவு மேலே ஏறுகிறது. அதற்குள் இருக்கும் கமகத்தின் வடிவம், வேகம், அகலம் எதையும் எதுவும் தொடுவதில்லை. தானியங்கிப் பிளக்கின் ஒவ்வொரு கணமும் சுரத்தைத் தேடி இழுக்கிறது. இது வரியை மட்டும் நகர்த்துகிறது. கமகம் உள்ள பாட்டுக்கு நான் இழுப்பதே இல்லை, நகர்த்துவதோடு சரி.

வடக்குவாசல்

அருமை. ஒரு சந்தேகம். ஒரு இடத்தில் வரி முழுவதும் இறங்கவில்லை. ‘நி ஸா’ என்று ஒரே மூச்சில் ஏறி, ஸாவில் நிற்கும்போதுதான் மெல்ல மெல்ல இறங்குகிறது. மூச்சுத் தீர்வதால் என்று நினைக்கிறேன். நடுவில் வெட்டினால் படி கேட்குமே?

ஆறாவது டிராக்

அதற்கு வெட்டாதீர்கள். அந்தத் துண்டுக்கு டேக் பிட்ச் என்வலப்பைத் திறங்கள். துண்டின்மேல் ஒரு கோடு வரும். ஸாவில் வந்து நின்றபிறகு, இறங்கத் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, பூஜ்யத்தில். இறங்கி முடியும் இடத்தில் இன்னொரு புள்ளி, எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு மேலே. நடுவில் கோடு சாய்வாகப் போகும். குரல் இறங்கும் வேகத்துக்குக் கோடு ஏறும். நிஷாதத்திலிருந்து ஷட்ஜத்துக்கு வழுக்கிப் போகும் ஜாருவில் மட்டும் புள்ளி வைக்காதீர்கள்.

எவ்வளவு இறங்கியது என்று அறிய ரியாடியூனைத் திறந்து, தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, வெறும் டியூனராகப் பாருங்கள். அது காட்டும் எண்ணிலிருந்து உங்கள் 18ஐக் கழிக்க மறக்க வேண்டாம். டியூனர் ஜி ஷார்ப் +3 என்று காட்டினால் உங்கள் கணக்கில் அது 15 குறைவு.

கோடம்பாக்கம் கேபிள்

பணம் செலவழிக்கத் தயார் என்றால் இதையே வசதியாகச் செய்ய மெலடைன் இருக்கிறது. ரீப்பருக்குள் ஏஆர்ஏ வழியாக ஓடும், அதாவது பாட்டை ஓடவிட்டுப் பதிந்து எடுக்காமலே முழு டேக்கையும் அது ஒரே பார்வையில் படித்துவிடும். ஒவ்வொரு சுரமும் திரையில் ஒரு குமிழாக வரும், அதன்மேல் குரல் ஓடிய வளைகோடும் தெரியும். தோடி காந்தாரத்தை அந்தக் கோட்டில் பார்ப்பதே ஒரு பாடம்.

ஆனால் அங்கேயும் ஒரு பொறி. அசைவு அகலமாக இருந்தால் மெலடைன் அதை ஒரு சுரம் என்று எண்ணாது. ரி, ம, ரி, ம என்று துண்டு துண்டாக வெட்டி வைக்கும். அப்படியே கரெக்ட் பிட்ச் பொத்தானை அழுத்தினால் பழைய கதைதான். முதலில் அந்தப் பிரிப்புக் கோடுகளை நீக்கி எல்லாவற்றையும் ஒரே குமிழாக்குங்கள். பிறகு குமிழை மொத்தமாக நகர்த்துங்கள்.

வாங்குவதற்கு முன் பதிப்பைப் பாருங்கள். மெல்லிய இறக்கத்தை மட்டும் நிமிர்த்த பிட்ச் டிரிஃப்ட் என்று ஒரு கருவி இருக்கிறது, வடக்குவாசலின் ஸாவுக்கு அச்சாகப் பொருந்தும். அசைவைத் தொடாமல் சரிவை மட்டும் எடுக்கும். விலை குறைந்த எசென்ஷியல் பதிப்பில் அது கிடையாது. அசிஸ்டன்ட் பதிப்பிலிருந்துதான்.

புது மைக்

இடையில் ஒரு கேள்வி கேட்கலாமா? பாடும்போதே ஹெட்போனில் ஆட்டோ டியூன் போட்டுக் கேட்டால் பாடுபவருக்குத் தைரியம் வரும் என்று ஒருவர் சொன்னார். ரீப்பரில் முயன்றேன், குரல் தாமதமாகத் திரும்பி வருகிறது. பாடவே முடியவில்லை.

ஆறாவது டிராக்

பஃபரைக் குறையுங்கள், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவை. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 21 மில்லிசெகண்ட், அதுவும் ஒரு வழிக்கு மட்டும். 128 என்றால் 2.7. அதற்கு மேல் பிளக்கினுடைய சொந்தத் தாமதம் வேறு. சுருதியைக் கண்டுபிடிக்க அது அலையின் ஒன்றிரண்டு சுற்றாவது பார்த்தாக வேண்டும். ஆண் குரல் 100 ஹெர்ட்ஸில் இறங்கினால் ஒரு சுற்றுக்கே 10 மில்லிசெகண்ட். பதிந்ததைத் திரும்பக் கேட்கும்போது ரீப்பர் இந்தத் தாமதத்தைத் தானே ஈடுகட்டிவிடும், நேரடியாகப் பாடிக்கொண்டிருக்கும்போது எந்த மென்பொருளாலும் முடியாது. ஆட்டோ டியூனில் லோ லேட்டன்சி என்று ஒரு அமைப்பு உண்டு. மெலடைன் இந்த வேலைக்கே ஆகாது.

இன்னொன்று, ரீப்பரில் இன்புட் எஃப்எக்ஸ் என்பதில் போட்டால் திருத்திய குரல்தான் ஃபைலில் பதியும், மூலம் போய்விடும். டிராக் எஃப்எக்ஸில் போட்டால் காதுக்கு மட்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டாவதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மந்தர ஸ்தாயி

பாடுபவருக்குத் தைரியம் வர நல்ல தம்பூரா போதும். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு பாடச் சொல்லிப் பாருங்கள். இரண்டு காதையும் மூடினால் தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காது, சுருதி விலகும். இது பிளக்கின் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த வழி.

கோடம்பாக்கம் கேபிள்

இதை முழுதாக ஆமோதிக்கிறேன் ஐயா. ஆனால் திறந்த பக்கத்து ஹெட்போன் குவளையைக் கன்னத்தோடு அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தம்பூரா மைக்குக்குள் போய்விடும்.

வடக்குவாசல்

இரண்டு ஷட்ஜமும் முடித்துவிட்டேன். முதல் வரிக்கு 0.16 ஏற்றினேன், இரண்டாவதற்கு என்வலப். காந்தாரம் ஒன்றுகூட உடையவில்லை. சித்தியிடம் போட்டுக் காட்டினேன், எங்கே மாற்றினாய் என்று கேட்டார்.

கேபிள் அண்ணா கடைசியாகச் சொன்னதுதான் இப்போது தலைவலி. சித்தியும் ஒரு காதில்தான் ஹெட்போன் வைத்துப் பாடினார். குரல் டிராக்கில் தம்பூரா மெல்லியதாகக் கசிந்திருக்கிறது. 0.16 ஏற்றிய வரியில் அந்தக் கசிவும் சேர்ந்து ஏறிவிட்டது. வரி முடிந்து மூச்சு விடும் இடத்தில் இரண்டு தம்பூரா ஒன்றோடொன்று உரசுவது கேட்கிறது.

நல்லூர் வீதி

குரல் ஒலிக்கும்போது அது கேட்காது, குரல் மூடிவிடும். இடைவெளியில்தான் வெளியே தெரியும். அதனால் நகர்த்தும் துண்டைக் குரலோடு மட்டும் நிறுத்துங்கோ. குரல் ஓயும் இடத்தில் இன்னொரு வெட்டு, மூச்சும் மௌனமும் உள்ள துண்டைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்கோ. இரண்டு துண்டும் சந்திக்கும் இடத்தில் 30, 40 மில்லிசெகண்டுக்குக் குறுக்கு மங்கல் (கிராஸ்ஃபேட்) போடுங்கோ, ஒன்று தேய மற்றது எழும். மௌனத் துண்டின் ஒலியளவை 6 டெசிபல் இறக்கினாலும் நல்லது, ஆனால் முற்றாக அணைக்க வேண்டாம். மூச்சுச் சத்தம் திடீரென்று அறுந்தால் அது வேறு மாதிரிச் செயற்கையாகக் கேட்கும்.

ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் அணைத்துவிடும் கேட் பிளக்கின் போட்டுச் சுலபமாக முடிக்கலாம் என்று யாராவது சொல்ல வருமுன்: விருத்தத்தில் வரிக் கடைசிச் சுரம் மெல்லத் தேய்ந்து போகும். கேட் அந்த வாலை வெட்டிவிடும். கையால் வெட்டுவதுதான் வழி.

வடக்குவாசல்

சரி, அப்படியே செய்கிறேன். மிச்சம் இருப்பது கடைசி வரிப் பஞ்சமம். டியூனர் கணக்கில் 12 குறைவு. 0.12 ஏற்றிவிடவா? அந்த வரியை மட்டும் இந்த இழையில் பதிவேற்றியிருக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள்.

மந்தர ஸ்தாயி

கேட்டேன். அருமையான சாரீரம், உங்கள் சித்தியிடம் சொல்லுங்கள். அந்தப் பஞ்சமத்தைத் தொட வேண்டாம். அவர் அதில் நிற்கவில்லை. தைவதத்திலிருந்து இறங்கி, பஞ்சமத்தைத் தொட்டு, மத்தியமத்துக்குப் போகும் வழியில் இருக்கிறார். டியூனர் காட்டும் எண் அந்த இறக்கத்தின் சராசரி. நிமிர்த்தினால் வரி அங்கேயே நின்றுவிடும்.

ஐந்தாம் நரம்பு

நானும் கேட்டேன். ஐயா சொல்வது சரி. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தொடக்கத்தில் பஞ்சமம் தம்பூராவோடு ஒட்டித்தான் இருக்கிறது.

வடக்குவாசல்

அப்படியென்றால் விட்டுவிடுகிறேன். அடுத்தது கல்யாணியில் ஒரு பாட்டு, மிருதங்கம், வயலினோடு. அதில் வயலினும் குரலும் ஒரே மைக்கில் கலந்திருக்கின்றன. அதையும் இங்கேயே கேட்கலாமா?

கோடம்பாக்கம் கேபிள்

ஒரே மைக்கிலா? தனி இழை திற தம்பி. நாளை மத்தியானம் ஒரு மிக்ஸிங் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன்.